பச்சைப் பாட்டிலைத் திருப்பி வைத்தவர்கள்

என் மனைவியோடு கடைக்குப் போவது ஒரு தண்டனை. நான் சோப்பு எடுத்து, பற்பசை எடுத்து, பில் போட வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனால் பிஸ்கட் அலமாரி பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அப்பா ஒரு பாக்கெட்டை எடுப்பார், குழந்தை வேறொன்றைக் கேட்டு அழும், அம்மா இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கூடையில் போடுவாள். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையெல்லாம் பார்த்துவிட்டு என் காதில் கிசுகிசுப்பாள்: "பாத்தீங்களா, யாருமே கேக்காததத்தான் வாங்கினாங்க!" புதையல் கிடைத்தவள் மாதிரி முகம் இருக்கும். நான் வாங்கிய ஐஸ்கிரீம் அதற்குள் பாதி உருகியிருக்கும்.

அவள் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் துறை இணைப் பேராசிரியர். இந்த மார்க்கெட்டிங் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் பெரியம்மா இன்றுவரை இவள் ஏதோ கம்பெனிப் பொருளை வீடு வீடாக விற்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அவகிட்ட சொல்லி ஒரு மிக்ஸி சல்லிசா வாங்கிக் குடேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். அவள் விற்பதில்லை, மக்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று ஆராய்கிறாள் என்று விளக்கினால், "அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்கிறாள். ஒருவகையில் நியாயமான கேள்விதான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பேன், சொல்வதை எடுத்துக் காட்டுவேன். கல்யாணமான புதிதில் இதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அப்போது அவள் மாலை வகுப்புகளுக்கு மட்டும் தற்காலிக விரிவுரையாளர். சிரித்துவிட்டு, ஒரு வாரம் என் கடையின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "லைட் வெயிட்டா ஒரு ஃபிரேம் காட்டுங்க" என்று கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் வாங்கிப்போனது கடையிலேயே கனமான ஃபிரேமை. "கேட்டா பொய்தான் சொல்வாங்க, அவங்களுக்கே தெரியாம. பாத்தாத்தான் நிஜம் தெரியும்" என்றாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தன் வேலையை முழுவதும் கட்டினாள். துறையில் மற்றவர்கள் எல்லாம் கேள்வித்தாள் அச்சடித்துக் கொடுத்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் கடை கடையாகப் போய் நின்றாள். முனைவர் பட்டம், விரிவுரையாளர், இணைப் பேராசிரியர் எல்லாம் நின்றே வாங்கியவை. அவள் கால் நரம்பு சுருண்டதற்கு அறிவியலே பொறுப்பு.

அப்படி நின்றதில்தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு கிடைத்தது. ஊரிலேயே பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஷாம்பு அலமாரி. அதில் கண் உயரத்தில் ஒரு பச்சைப் பாட்டில். சிலர் வந்து அதை எடுப்பார்கள், திருப்பிப் பின்பக்கம் படிப்பார்கள், காதருகே ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார்கள், பிறகு லேபிள் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார்கள். வேறு ஷாம்புவும் வாங்க மாட்டார்கள். இவளுக்குத் தூக்கம் போயிற்று. வாங்க வந்தவர்கள் இல்லை, பொழுதுபோக்க வந்தவர்களும் இல்லை. பின் எதற்கு வந்தார்கள்? தன் ஆய்வு மாணவிகளையும் கூட்டிக்கொண்டு பல மாதம் அங்கே நின்றாள். கடைசியில் சொன்னாள்: நாள் முழுக்க வீட்டிலும் ஆபீசிலும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வருகிற மனிதர், எதையாவது ஒன்றைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல ஆசைப்படுகிறார். கடை அதற்கு இடம் கொடுக்கிறது. இதற்கு 'மறுப்பின் சுகம்' என்று பெயர் வைத்தாள். அந்தக் கடைசிக் குலுக்கலுக்கு 'விடைபெறும் குலுக்கல்' என்று பெயர்.

கட்டுரை வெளிவந்ததும் பிடித்துக்கொண்டது. பத்திரிகைகளில் எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் பேசக் கூப்பிட்டார்கள். நானே என் வாடிக்கையாளர்களிடம் அளந்துவிட்டேன். ஒருமுறை மனசு சரியில்லாத நாளில் ஒரு செருப்புக் கடைக்குப் போய் ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தேன். நிஜமாகவே சுகமாக இருந்தது.

இந்த நேரத்தில் துறையில் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. ஒன்றே ஒன்று. இவள் ஓய்வு பெறுவதற்குள் இன்னொன்று காலியாக வழியில்லை, மற்றப் பதவிகளில் இருந்தவர்கள் எல்லோரும் இவளைவிட இளையவர்கள், கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியமாகவும் இருந்தார்கள். ஆகவே இதை விட்டால் இல்லை. போட்டிக்கு நின்றது இரண்டே பேர். ஒருவர் இவள். இன்னொருவர் பக்கத்து அறைக்காரர்.

பக்கத்து அறைக்காரரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஒல்லியான, மடிப்புக் கலையாத ஆள். இருவர் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இவள் தும்மினால் அவர் அறையில் கேட்கும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர் என்ன ஆராய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது, அச்சில் வந்ததைக்கூட ஒருவருடையதை மற்றவர் படிப்பதில்லை. அந்தத் துறையில் எல்லோருமே அப்படித்தான். யாராவது அறைக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் திரையை அணைப்பார்கள், பரீட்சையில் கையால் விடைத்தாளை மறைக்கிற பிள்ளைகள் மாதிரி. யோசனையை யாராவது தூக்கிக்கொண்டு போய் முந்திவிடுவார்களாம். நடைபாதையில் பார்த்துக்கொண்டால் "ஆராய்ச்சி எப்படிப் போகுது?" "ஏதோ போகுது சார்." அவ்வளவுதான். இவள் கட்டுரையில்கூட 'ஒரு பெரிய அங்காடி' என்று போட்டாளே தவிர எந்தக் கடை, எந்த அலமாரி என்று மூச்சு விடவில்லை.

பதவிக்கு நிற்கிறவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பொதுவில் உரையாற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். குடும்பத்தாரும் வரலாம். காலையில் அவர், மதியம் இவள் என்று வைத்திருந்தார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் டீனும் தேர்வுக் குழுவும் இருந்தார்கள்.

பக்கத்து அறைக்காரர் மேடையேறினார். சந்தேகம் ஒரு தொற்றுநோய் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒருவர் ஒரு பொருளை எடுத்துப் பார்த்து வேண்டாமென்று வைத்தால், பக்கத்தில் இருக்கிறவருக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். இதை நிரூபிக்க அவர் நாடகக் குழு மாணவர்களைப் பிடித்து, வாடிக்கையாளர் மாதிரி நடிக்கச் சொல்லி, வகுப்பு முடிந்த சாயங்காலங்களில் ஒரு கடைக்கு அனுப்பி, ரகசியக் கேமராவில் படம் பிடித்திருந்தார். "முகங்கள மாணவர்களே மறைச்சுத்தான் எனக்குக் குடுத்தாங்க, தனியுரிமைக்காக" என்று சொல்லி வீடியோவை ஓடவிட்டார்.

ஷாம்பு அலமாரி. பச்சைப் பாட்டில். முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு பெண் வந்து அதை எடுத்தாள். திருப்பினாள், படித்தாள், காதருகே குலுக்கினாள், லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

என் மனைவியின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன.

"இப்ப இந்த அம்மாவப் பாருங்க," என்றார் அவர் பெருமிதமாக. திரையின் ஓரத்திலிருந்து இன்னொரு பெண் வந்தாள், அவள் முகமும் மங்கல். திருப்பி வைத்த பாட்டிலையே வெறித்துப் பார்த்தாள். எட்டப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி வெறித்தாள். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் ஆடுசதையில் தேய்த்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள். எதையும் வாங்காமல் போனாள். "முழுசா தொத்திக்கிச்சு! இந்த மாதிரி ஆட்கள்தான் என் ஆராய்ச்சிக்கே ஆதாரம்."

முகத்தை மறைத்தால் எனக்குத் தெரியாதா? அடுப்பு முன்னால் அதே கொக்குக் காலோடு நிற்கிறவளைத் தினமும் பார்க்கிறேன்.

"அது நீதானே?" என்று கிசுகிசுத்தேன்.

"நானேதான். என்னை விடுங்க. அந்தப் பொண்ணு!"

"எந்தப் பொண்ணு?"

"குலுக்குச்சே, அவ. என் கட்டுரையில பாதிக்கு மேல அவளப் பத்தித்தான். அவ நடிச்சிருக்கா!"

நான் முன்வரிசையில் டீனின் முதுகைப் பார்த்தேன்.

மதிய இடைவேளையில் அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஜன்னல் மேடையில் காலி ஷாம்பு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கையை எடுத்ததும் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் அவர் ஆளப் பாத்து ஒரு கொள்கை பண்ணியிருக்கேன். அவர் என்னையப் பாத்து ஒரு கொள்கை பண்ணியிருக்கார். நடுவுல ஒரு ஷாம்பு பாட்டில்!"

"கடைக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கேட்டுக்கிட்டேன். அவரும் அதையேதான் கேட்டிருப்பார். பாவம் மேனேஜர், ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கக் காப்பாத்தியிருக்கார்." மறுபடி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "என் வேலையெல்லாம் போச்சுங்க," என்றாள். அப்போது நிஜமாகவே அழுதாள்.

நான் அவள் பக்கத்தில் குந்தினேன். எனக்கு அவள் மேல் இரக்கமும் பக்கத்து அறைக்காரர் மேல் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த இடத்தில் நான் உத்தமன் வேஷம் போடப் போவதில்லை. அவள் அந்தப் பதவியில் உட்கார வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

"இங்க பாரு," என்றேன். "இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரியாது. நீ பாட்டுக்குப் போய் எப்பவும் பேசறதப் பேசிட்டு வா. பதவி வரட்டும். அப்புறம் ஆற அமரச் சொல்லிக்கலாம்."

"சொல்லாமயா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது தப்பாகப் பட்டது என்பதைவிட, நம்பவே முடியாததாகப் பட்டது. "இவ்வளவு சுவாரஸ்யமான விஷயத்தச் சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

மேடையில் ஏறியபோது அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. வழக்கமான முதல் ஸ்லைடுகளை வழக்கம்போலச் சொன்னாள். சபை தலையாட்டியது. 'விடைபெறும் குலுக்கல்' ஸ்லைடு வந்தது. நிறுத்தினாள். பக்கத்து அறைக்காரர் அப்போதுதான் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சார், காலைல நீங்க காட்டின வீடியோவ இன்னொரு தடவை போட முடியுமா?"

அவர் புரியாமல் எழுந்துபோய்ப் போட்டார். பச்சைப் பாட்டில் திரையில் குலுங்கியது. "இந்தப் பொண்ணுதான் என் கண்டுபிடிப்பு," என்றாள். கொக்குக் கால் வந்தது. "இது நான். அந்தக் கோடியில டிராலியோட நிக்கிற ரெண்டு பேரும் என் ஆய்வு மாணவிங்க. சந்தேகம் தொத்தி நிக்கல சார். நாங்க வேலை பாத்துட்டிருந்தோம்."

பக்கத்து அறைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ ஒரு மாணவன் களுக்கென்றான், அரங்கமே சிரித்து உருண்டது. டீன் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"அப்படின்னா அந்த அலமாரிக்கு முன்னாடி நிஜமான வாடிக்கையாளர் யாராவது வந்தாங்களா, இல்லையாம்மா?"

"வந்தாங்க சார். சாருடைய நடிகர்கள் சாயங்காலம் மட்டும்தான் வந்திருக்காங்க, காலைல அவங்களுக்கு வகுப்பு. ஆனா காலை நேரத்துலயும் சில பேர் பாட்டிலத் திருப்பி வச்சாங்க. குலுக்கல, ஆனா எடுத்துப் பாத்துட்டு வச்சுட்டுப் போனாங்க. நான் கண்ணால பாத்தேன்."

டீன் குழுவிடம் குனிந்து ஏதோ பேசினார். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்தவளிடம் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "காலைல வந்தவங்க நிஜம்னா அது போதும்மா. சின்னக் கண்டுபிடிப்பா இருந்தா என்ன? மாசக் கடைசிக்குள்ள மறுபடி போய்ப் பாத்து, அது நிக்குதுன்னு உறுதியாச் சொல்லுங்க. பதவி உங்களுக்குத்தான்." பக்கத்து அறைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய ஆதாரம் முழுக்க என் மனைவியும் அவள் மாணவிகளும்தான்.

இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை என்று சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லையாம். மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். கையில் அந்தக் கேமரா. "என்னுது போச்சு, மேடம். உங்களுதாவது நிக்குதான்னு பாக்கணும். நானும் வரட்டுமா?" இவள் உடனே சரி என்றுவிட்டாள். இவள் விழுவதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார் என்று நான் சண்டை போட்டேன். "இருக்கலாம். ஆனா நல்ல கேமரா," என்றாள்.

அப்படியாக ஒரு காலை நாங்கள் மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனோம். மேனேஜர் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். அலமாரிக்கு எதிரே கேமராவைப் பொருத்திவிட்டுப் பக்கத்து அறைக்காரர் வெளியே தன் காருக்குப் போய்விட்டார், லேப்டாப்பில் பார்க்க. இவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். நான் டிராலியோடு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

வெகுநேரம் ஆகவில்லை. கையில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு உயரமான ஒருவர் வந்தார். பச்சைப் பாட்டிலை எடுத்தார். திருப்பினார். ஓரக்கண்ணால் எங்கோ பார்த்தார். பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு நடந்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. நடிகர் இல்லை, மாணவர் இல்லை, சுத்தமான வாடிக்கையாளர்! பேராசிரியர் பதவி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது என் மனைவி இத்தனை வருட வேலையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். அவர் பின்னாலேயே ஓடினாள்.

"சார், ஒரு நிமிஷம். அத ஏன் திருப்பி வச்சீங்க?"

அவர் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானேம்மா காரணம்!"

"நானா?"

"நான் அதை எடுத்ததுலேர்ந்து என் கையையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கறீங்க. ஒண்ணு நீங்க கடை ஆளு, என்னைத் திருடன்னு நினைக்கறீங்க. இல்ல அந்த ஷாம்புல ஏதோ கோளாறு. எதுக்கு வம்புன்னு வச்சுட்டேன்." சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அங்கேயே நின்றாள். நான் போய் அவள் தோளைத் தொட்டேன். "கேட்டா பொய் சொல்வாங்கன்னு நீதானே சொல்லுவே," என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது. "இதுவும் அப்படித்தான் இருக்கும். விடு."

"இருக்கலாம்," என்றாள். "வாங்க, கார்ல போய் உக்காருவோம்."

"எதுக்கு?"

"நான் இங்க இல்லேன்னா என்ன நடக்குதுன்னு பாக்க."

பக்கத்து அறைக்காரரின் சின்னக் கார். முன்னால் அவரும் இவளும், பின்னால் நான், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு. லேப்டாப் திரையில் அலமாரி தெரிந்தது, அதன் முன்னால் யாரும் இல்லை. கார்ச் சாவிக்காரர் சொன்னதை இவள் அவரிடம் அப்படியே சொன்னாள். அவர் திரையை இவள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

முதலில் தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பச்சைப் பாட்டிலை எடுத்தாள். 'வை,' என்று நான் மனசுக்குள் சொன்னேன். 'திருப்பி வச்சுடு தாயே.' அவள் பேசிக்கொண்டே கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

பிறகு இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி எடுத்தாள், இன்னொருத்தி பிடுங்கினாள். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு பெரியவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். 'பிடிக்கல இல்ல? வச்சிடுங்க ஐயா!' மூடியை இறுக்கி, அதையே வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிடிக்காததை ஏன் வாங்க வேண்டும்?

காலை முழுக்க இப்படியே போனது. நின்று தயங்கியவர்கள் இருந்தார்கள். வேறு பாட்டிலை எடுத்தவர்கள் இருந்தார்கள். பச்சைப் பாட்டிலைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர்கூட அதை மறுபடி அலமாரியில் வைக்கவில்லை. காருக்குள் வெயில் ஏறி, சட்டை முதுகில் ஒட்டியது. பக்கத்து அறைக்காரர் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்று நான் கண்ணாடியில் தேடிப் பார்த்தேன். இல்லை. அவரும் என்னைப் போலவே யாராவது வைத்துவிட மாட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் அவர் மேல் இத்தனை வருடம் வைத்திருந்த வெறுப்பு எனக்கு எங்கேயோ போய்விட்டது.

மதியம் ஆகும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு இளைஞன் வந்தான். பாட்டிலை எடுத்தான், பின்பக்கம் படித்தான். நெடுநேரம் படித்தான். கை மெதுவாக அலமாரிப் பக்கம் போனது.

"வைக்கறான்!" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து அறைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "வைக்கறான் மேடம்!"

அவன் கை அலமாரி வரைக்கும் போய், பக்கத்திலிருந்த இன்னொரு பச்சைப் பாட்டிலையும் எடுத்தது. இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் பின்னால் சாய்ந்தேன். எல்லாம் முடிந்தது. முன்பு காலை வேளைகளில் திருப்பி வைத்த அந்தச் சிலரும் இவள் பார்வைக்குப் பயந்து வைத்தவர்கள்தான். டீனிடம் இவள் உறுதியாகச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. இனி இவள் ஓய்வு பெறுகிற நாள்வரை இணைப் பேராசிரியர்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று முன்னால் எட்டிப் பார்த்தேன்.

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "பாத்தீங்களா?" என்றாள், பிஸ்கட் அலமாரி பக்கத்தில் கிசுகிசுக்கிற அதே குரலில். "யாருமே வைக்கல! நான் இல்லேன்னா ஒருத்தர்கூட வைக்கலைங்க!"

"போதும்மா," என்றேன். "வா, வீட்டுக்குப் போகலாம்."

"இருங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொருத்தர் வர்றாங்க."